கப்பல்துரையும் பொன்னுத்தாயக்காவும்

எங்கள் தெருமுனையில் ஒரு வெள்ளைக்காரன் நிற்கிறான். கல்லால் ஆனவன். மேலப் புலிவார்டு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், புங்க மரத்தடியில், ஒரு கையை இடுப்பில் ஊன்றி, இன்னொரு கையில் சுருட்டிய காகிதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, காவேரிப் பக்கம் பார்த்தபடி நிற்பான். மூக்கு எப்போதோ உடைந்துவிட்டது. அவனுக்கு நேர் எதிரே என் கடை. போர்டில் முகம்மது கனி ஸ்டூடியோ என்று பெரிதாக இருக்கும். உள்ளே வந்தால் பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன், அவ்வளவுதான். கல்யாண வீடுகளுக்குப் போய்ப் படம் எடுத்த காலம் மலையேறிவிட்டது. அதற்காக உட்கார்ந்து அழ எனக்கு நேரமில்லை.

அவன் பெயர் ஆங்கஸ் பிட்கேர்ன் என்று பீடத்தில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. யாரும் அதைப் படித்ததில்லை. படிக்கத் தெரிந்தவர்களும் படித்ததில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் எப்போதும் மஞ்சள் துணி சுற்றியிருக்கும். அதற்குக் கீழே ஒரு பாய்மரக் கப்பல் செதுக்கியிருக்கிறது. எல்லா வம்புக்கும் அந்தக் கப்பல்தான் காரணம். வீட்டுக்கு ஒரு ஆள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் ஊரில், கப்பலோடு நிற்கும் ஒரு துரையைச் சும்மா விட்டுவைப்பார்களா? கப்பல்துரை என்று பெயர் வைத்தார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சூடம் ஏற்றினார்கள். நான் இங்கே கடை போடுவதற்கு முன்பே இதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. விசா வந்தால் மாலை. வேலை நிலைத்தால் ஒரு பாட்டில். ஊர் திரும்பினால் வெளிநாட்டு சிகரெட், அதுவும் பற்றவைத்துக் காலடியில் வைக்க வேண்டும். பாதி எரிந்ததும் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர் வந்து மிச்சத்தைப் பிரசாதமாக எடுத்துக்கொள்வார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஐந்து வேளையும் தொழுகிறவன் என்று சொல்லிக்கொண்டால் என் வீட்டு ஷரீபா சிரிப்பாள், ஜும்மா தவறாதவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னிடம் போட்டோ எடுப்பவர்கள் நேராக எதிர்ப்பக்கம் போய்ச் சூடம் ஏற்றுவார்கள், அங்கே சூடம் ஏற்ற வந்தவர்கள் ஜெராக்ஸ் மறந்துபோய் என்னிடம் வருவார்கள். பிழைப்பு அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

நான் சொல்ல வந்தது துரையைப் பற்றி அல்ல. அவன் காலடியில் பூக்கூடையோடு இருந்த பொன்னுத்தாயக்காவைப் பற்றி.

அக்காவுக்கு மருங்காபுரிப் பக்கம். வானம் பார்த்த பூமி, கடலை போட்டால் கடலை, இல்லையென்றால் முள். கல்யாணம் செய்துகொண்டு திருச்சிக்கு வந்தார். வீட்டுக்காரர் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஒருநாள் லாரியில் கட்டியிருந்த கயிறு அறுந்து, வெங்காய மூட்டைகள் அந்த மனிதர் மேல் சரிந்துவிட்டன. பையன் மதுரைவீரன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஊருக்கே வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டாராம். அண்ணி முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்ன என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு, உறையூரில் ஒரு ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து, ஒரே ஒரு கூடையோடு எங்கள் புங்க மரத்தடியில் வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்று சுலபமாக எழுதிவிட்டேன். போலீஸ் விரட்டும், கார்ப்பரேஷன்காரர்கள் விரட்டுவார்கள், பக்கத்து ஓட்டல்காரர் தண்ணீரை வேண்டுமென்றே அந்தப் பக்கம் கொட்டுவார். அக்கா சண்டை போட மாட்டார். எழுந்து போய்விடுவார். மத்தியானம் எட்டிப் பார்த்தால் அதே இடத்தில் பூ கட்டிக்கொண்டிருப்பார். விரட்டியவர்களுக்குத்தான் அலுத்துப்போனது.

தினமும் விடியுமுன் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போவார். சாத்தார வீதி பூ மார்க்கெட்டில் மொத்தத்துக்குப் பூ எடுத்து, கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வெயில் ஏறும் முன் மரத்தடிக்கு வந்துவிடுவார். ஒரு தடவை நான் தெரியாத்தனமாக அவர் கூடையிலிருந்து ஒரு மல்லிகைச் சரத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்விட்டேன். சாமிக்குப் போறதுக்கு முன்னாடி உங்க மூக்குக்கா பாய் என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கூடையை இரண்டடி தள்ளி நின்றே பார்ப்பேன்.

துரையின் பீடத்தில் கப்பலுக்குக் கீழே, ஏறக்குறைய தரையை ஒட்டி, இன்னொரு உருவமும் உண்டு. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, முகத்தை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் சேர்த்து உயர்த்தியிருக்கும் ஆள். ஸ்ரீரங்கத்தில் பெரிய கருடாழ்வார் பெருமாளைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருப்பதைத் தினம் தினம் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இது வேறு என்னவாகத் தெரியும்? பெருமாளுக்குக் கருடன், ராமருக்கு அனுமார், துரைக்கு இவன். அடியான் என்று அவனுக்குப் பெயர். இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை, எனக்கும்தான். அந்த அடியானுக்கு முன்னால் கல் கொஞ்சம் மேடையாக நீட்டிக்கொண்டிருக்கும். சூடம், அகல்விளக்கு, ஊதுவத்தி எல்லாம் அங்கேதான். எண்ணெயும் புகையும் ஏறி ஏறி அவன் கண்ணும் வாயும் இல்லாத கரிக்கட்டையாகிவிட்டான்.

மதுரைவீரன் ஐடிஐ முடித்து, லைசென்ஸ் எடுத்து, ஒரு ஏஜென்ட் மூலமாக வளைகுடாவுக்குப் போனான். டிரைவர் வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போட்டோ நான்தான் எடுத்தேன். சிரிக்காமல் உட்காரடா என்றால் சிரித்துக்கொண்டே இருந்தான். இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டுவிட்டார்கள். முதலில் ஓரிரண்டு தடவை போன் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. அக்கா ஏஜென்ட் ஆபீசுக்குப் போனார், பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுபோனார். வரிசையில் முதல் ஆளாக நிற்பார். அங்கிருந்த பியூன் அவரைப் பார்த்ததும், வந்துட்டீங்களா என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

மற்ற நாட்களில் பூக்கூடையை ஓரமாக வைத்துவிட்டு, துரையின் பீடத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுவார். முணுமுணுப்பாக ஆரம்பித்துப் பேச்சாக மாறிவிடும். பையன் சின்ன வயதில் எதைச் சாப்பிட மாட்டான், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். என் கடை ஸ்டூலில் போட்டோவுக்கு உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கேட்டுக் கண்கலங்கிவிடுவார்கள். கலங்கின கண்ணோடு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க முடியாது, முகத்தைத் துடைக்கச் சொல்லி மறுபடி எடுப்பேன். அந்த நாட்களில் நான் அல்லாஹ்விடம் கேட்ட துஆவெல்லாம் அந்தப் பையனுக்காகத்தான்.

இரண்டு வருஷம் கழித்து அவன் வந்துவிட்டான். தண்ணீர் லாரி ஓட்டும் ஒரு மலையாளி டிரைவர் அவனை இருக்கைக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுபோய் எம்பஸி வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகவிடாமல், அக்கா அவனை நேராகத் துரைமுன் கொண்டுவந்து நெடுஞ்சாண்கிடையாக விழவைத்தார். உடம்பில் எலும்பும் தோலும் மட்டும்தான் மிச்சம். நான் சும்மா இருக்காமல், அக்கா, தேங்காயை அந்த மலையாளிக்கு உடைக்கணும், இவருக்கில்ல என்றேன். அந்த டிரைவரை அனுப்பிவச்சது யாரு பாய் என்று திருப்பிக் கேட்டார். எனக்கும் கொஞ்சம் அதே மாதிரி யோசனைதான், அனுப்பியவர் யார் என்பதில்தான் எங்களுக்குள் வித்தியாசம்.

மதுரைவீரன் இப்போது மினி பஸ் ஓட்டுகிறான், கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி யார் கேட்டாலும், ஆடுங்க ரொம்ப நல்ல ஆடுங்க என்று மட்டும் சொல்வான்.

பையன் வந்த கதை பரவியதும் துரைக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. இதைப் பார்த்துத்தான் வளவன் ஒரு கமிட்டி போட்டார். வளவன் எங்கள் தெருவிலேயே வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் வைத்திருப்பவர். ஏமாற்றுக்காரர் இல்லை, நான் பார்த்தவரை சொன்ன வேலைக்குத்தான் அனுப்புவார். துரைக்கு மேலே கூரை, கீழே டைல்ஸ், சுற்றிலும் கம்பி வேலி, பக்கத்தில் அக்காவுக்கு ஷட்டர் போட்ட ஒரு சின்னக் கடை என்று திட்டம். இத்தனை வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் ஒரு கிழிந்த குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அக்கா. ஷட்டர் மாட்டிய அன்று அதன் நீல நிறத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். மேலே தூக்குவார், கீழே இழுப்பார், மறுபடி தூக்குவார். எண்ணெய் போடணும் பாய், இழுவ கஷ்டமா இருக்கு என்று என்னிடம் பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டார். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்று முடிவானது.

அதற்குச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் ஜென்சி ஒரு வெளிநாட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தது. ஜென்சி மேலப்புதூர்ப் பெண், காலேஜில் இங்கிலீஷ் எடுக்கிறது, லீவு நாட்களில் வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும். வந்த அம்மா கறுப்பினத்தவர், நல்ல உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி. பெயர் டெனிஸ். ஊர் கயானா. வெஸ்ட் இண்டீஸ் டீமுக்கு ஆள் கொடுக்கிற ஊர் என்றால் எனக்கு உடனே பிடிபடும், பிடிபட்டது.

அந்த அம்மா மலைக்கோட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் துரைமுன் வந்து, புது டைல்ஸில் ஷூவோடு ஏறி நின்றார். அக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. செருப்பக் கழட்டச் சொல்லும்மா என்று ஜென்சியிடம் சொன்னார். டெனிஸ் கழற்றவில்லை. அண்ணாந்து துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே பார்த்தார். கரியில் முங்கிக்கிடந்த அடியானைப் பார்த்ததும், என்ன நினைத்தாரோ, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையை அவன் முகத்தில் வைத்தார். எடுத்தபோது கை முழுக்க மை.

இந்தப் பூக்கார அம்மா இவரை யாரென்று நினைத்துக் கும்பிடுகிறார்கள் என்று டெனிஸ் ஜென்சி மூலமாகக் கேட்டார். அக்கா எழுந்து நின்று, என் புள்ளைய மீட்டுக் கொடுத்த சாமி என்று சொன்னார். ஜென்சி அதை மொழிபெயர்க்க ரொம்பத் தயங்கியது. கேட்டதும் டெனிஸின் உதடு கோணிக்கொண்டு போனது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் டீ வாங்கிக்கொண்டு போய் அங்கேயே நின்றுவிட்டேன்.

பிறகு ஜென்சி சொன்னது இது. துரை ஸ்காட்லாந்து வியாபாரி. திருச்சிக்கு அவன் வந்ததே இல்லை. கயானாவில் அவனுக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன, அங்கே வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றி வரப்பட்டவர்கள். ஆடு மாடு மாதிரி வாங்கி விற்கப்பட்டவர்கள். டெனிஸின் முன்னோர்கள் அந்தத் தோட்டத்து ஆட்கள். அந்தக் காசில் இவன் ஊரில் பெரிய மனிதனாகி, லண்டன் பார்லிமெண்டுக்கு மெம்பராகவும் போனான். அடிமைகளை விடுவிக்கக் கூடாது என்று அங்கே எழுந்து நின்று பேசினான். அப்படியும் சட்டம் வந்துவிட்டது. சர்க்கார் நஷ்ட ஈடு கொடுத்தது, விடுதலையானவர்களுக்கு இல்லை, வைத்திருந்தவர்களுக்கு. இவன் வாங்கிக்கொண்டான். தோட்டத்துக்கு ஆள் குறைந்ததும் இவன் கப்பல்கள் நம் கரைக்கு வந்து நம் சனங்களை ஏற்றிக்கொண்டு போயின. இவனுடைய தம்பி மகன் ஒருவன் இங்கே கண்டோன்மெண்டில் அதிகாரி. ஒரு வறட்சியில் பெரியப்பா காசில் கிணறு வெட்டி, கூடவே சிலையும் வைத்தான். கீழே இருப்பவன் பக்தன் இல்லை, அடிமை. எங்கள் பெரியப்பாதான் இவர்களை விடுவித்தார் என்று ஊரை நம்பவைக்கச் செதுக்கியது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். பொய் என்றார். அந்த அம்மாவைப் பார்த்து இல்லை, ஜென்சியைப் பார்த்துத்தான் சொன்னார். கை எடுத்துக் கும்புட்டுக்கிட்டு இருக்கான், அவனப் போயி அடிமைங்கிறீங்க என்றார். ஜென்சி அதைச் சொன்னதும் டெனிஸ் தன் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துவைத்துக் காட்டினார், பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை. நான் டீ கொடுத்து அவர்களை உபசரித்தது தப்பாம்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போது பார்த்தால் பூக்கூடை மரத்தடியில் இருக்கிறது, பூ கட்டாமல் கிடக்கிறது. அக்கா புளி, சீயக்காய்த் தூள், தேங்காய் நார், ஒரு குடம் தண்ணீரோடு அடியான் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் ஆரம்பித்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேய்த்தார், ஊற்றினார், மறுபடி தேய்த்தார். கரி ஏடு ஏடாக உரிந்தது. முதலில் நெற்றி வந்தது, பிறகு சுருட்டை முடி, தடித்த உதடு. கண் திறந்திருந்தது. அதுவரை அவனுக்குக் கண் உண்டென்றே எங்களுக்குத் தெரியாது. சின்ன வயசுக்காரன், மதுரைவீரன் வளைகுடாவுக்குப் போனபோது இருந்த வயசுதான் இருக்கும். மத்தியான வெயிலில் கைகளுக்கு வந்தார். விரல்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது. உள்ளங்கைகள் ஒட்டவில்லை. மணிக்கட்டில் ஒரு வளையம், அதிலிருந்து இன்னொரு வளையம், அப்புறம் இன்னொன்று.

பாய், இங்க வாங்க என்று கூப்பிட்டார். சத்தமே இல்லாத குரல். நான் போய் நின்றேன்.

"இவன் கும்புடல பாய். கட்டி வச்சிருக்காங்க. இத்தனை வருஷமா நான் இவன் மூஞ்சியில நெருப்பு வச்சிருக்கேன்."

ஈரக்கையோடு அவர் அந்தச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டார், குளிப்பாட்டிய குழந்தைக்குத் துடைப்பது மாதிரி.

அன்றிலிருந்து அக்கா, பூவோடு சேர்த்து விற்றுவந்த சூடத்தை நிறுத்திவிட்டார். வருகிறவர்களிடம் பூ இருக்கு, சூடம் இல்ல என்பார். யாராவது கையோடு கொண்டுவந்து அடியான் முன்னால் ஏற்றப் போனால் அங்க வைக்காதீங்க என்று குறுக்கே உட்கார்ந்துகொள்வார். இரண்டே நாளில் விஷயம் வளவன் காதுக்குப் போய்விட்டது. அவர் கோபமாக வரவில்லை. அக்கா, இதெல்லாம் எந்தக் காலத்துக் கதை, கிணறு வெட்டினது நிஜம்தானே, தாகம் எடுத்த சனம் குடிச்சதும் நிஜம்தானே என்றார். பணம் சேர்த்தவன் எவன் யோக்கியன், எல்லாரையும் தோண்டிப் பார்த்தால் கோயிலும் இருக்காது காலேஜும் இருக்காது என்றார். எனக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது, அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. போகும்போது ஒன்று சொன்னார். கடை சூடம் விக்கிறவங்களுக்குத்தான்க்கா, நீங்களே விக்கணும்னுதான் என் ஆசை. அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

அக்கா அந்த நீல ஷட்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன்.

சாயங்காலம் மதுரைவீரன் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தான். கடையை விட்டுடாதம்மா என்று சொல்லத்தான் வந்திருந்தான், மருமகள் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தாள். அக்கா அடியானைக் காட்டினார். அவன் குனிந்து பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். விரலால் அந்த வளையங்களை ஒவ்வொன்றாகத் தடவினான். அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னான்.

"எனக்கு இதெல்லாம் போடலம்மா. அவசியப்படல. பாஸ்போர்ட்ட வாங்கிட்டாங்க, சுத்தி மணலு. எங்க போவேன்? அந்த ஓனரையும் ஊர்ல எல்லாரும் நல்லவருன்னுதான் சொல்வாங்க. அவரும் கிணறு வெட்டிக் கொடுத்திருக்காரு, பள்ளிவாசலுக்கு."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்கா அவன் தலையில் கையை வைத்து, நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன் என்று அனுப்பிவிட்டார். மருமகளின் செய்தியை அவன் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகும் அக்கா சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. துரையை விட்டுவிடுவது அவருக்குப் பெரிய காரியமில்லை. அந்த இரண்டு வருஷத்து அழுகை யார் காதில் விழுந்தது, நன்றியை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் அவரைக் குடைந்தது. நான் மறுபடியும் அந்த மலையாளி டிரைவரை இழுத்தேன். நீங்க செத்த நேரம் சும்மா இருங்க பாய் என்றார்.

தை வெள்ளிக்கிழமை வந்தது. மேளம், மைக் செட், வாழைமரம், எல்லாம் அமர்க்களம். துரைக்கு வேஷ்டி கட்டி, ஜரிகைத் துண்டு போட்டு, உடைந்த மூக்கில் சந்தனம் அப்பியிருந்தார்கள். வளவன் நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா, முதல் மாலை பொன்னுத்தாயக்கா கையால் என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியாது என்றும் கணக்குப் போட்டிருக்கலாம். துரையின் கழுத்து எட்டுவதற்கு ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்கள்.

அக்கா விடியலிலேயே சாத்தார வீதிக்குப் போய், தன் கையால் கட்டிய சம்பங்கி மாலையோடு வந்தார். ஸ்டூலை ஒரு கையால் நகர்த்தி ஓரமாக வைத்தார். உட்கார்ந்தார். மாலையை அந்தக் கட்டுண்ட பையன் கழுத்தில் போட்டு, பூ முகத்தை மறைக்காதபடி சரிசெய்தார். மேளக்காரர் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் நிறுத்திவிட்டார். வளவன் குனிந்து, அக்கா, மாலை துரைக்கு என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"என் புள்ள வராதப்ப நான் நின்னு அழுவல தம்பி, இப்படி உக்காந்துதான் அழுதேன். துரை மூஞ்சி அங்க உசரத்துல இருக்கு, அவரு ஆத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. என் கண்ணுக்கு நேரா இருந்தது இவன்தான். கட்டிப் போட்டவன்கிட்டயே போயி கட்ட அவுத்துவிடுன்னு அழுதிருக்கேனேன்னு நெனச்சு நெனச்சுத்தான் எனக்குத் தூக்கம் போச்சு. இப்ப வெளங்கிருச்சு. நான் சொன்னதக் கேட்டவன் இவன். கட்டிக் கெடந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சவன். என் புள்ள வந்தது இவனால."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ உச்சுக்கொட்டினார்கள். மினி பஸ்ஸை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஓடிவந்திருந்த மதுரைவீரன் கம்பி வேலியைப் பிடித்தபடி நின்று, முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதான். வளவன் பிறகு வேறொரு மாலையை வாங்கி, தானே ஸ்டூலில் ஏறித் துரைக்குப் போட்டார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. உலகம் எங்கேயும் நின்றுவிடவில்லை.

நீல ஷட்டர் கடையில் இப்போது வேறொருவர் சூடமும் எலுமிச்சம்பழமும் விற்கிறார். வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. அக்கா என் வாசலுக்கு வந்துவிட்டார். பாய், உங்க வாசல்ல ஒரு முழ இடம் குடுங்க என்று கேட்டுவிட்டு, நான் சரி என்று சொல்வதற்குள் கூடையை இறக்கி வைத்துவிட்டார். வரும்படி முன்பு மாதிரி இல்லை. மருமகள் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து இப்போது சமாதானமாகிவிட்டாள். வளவன் போகும்போதும் வரும்போதும் சௌக்கியமா என்று கேட்கிறார். அக்காவும் சௌக்கியம் என்கிறார்.

ஒன்றில் மட்டும் அக்கா ஜெயித்துவிட்டார். சூடம் ஏற்ற மேலே துரை பக்கம் ஒரு இரும்புத் தட்டு வைத்துவிட்டார்கள், கீழே அந்தக் கல்மேடையில் யாரும் நெருப்பு வைப்பதில்லை. வைக்கத்தான் விடுவாரா? இங்கிருந்தே ஒரு குரல் கொடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். தினமும் காலையில் சாத்தார வீதியிலிருந்து வந்ததும் முதல் கைப்பூ அவனுக்கு. கழுவிய முகத்தை நான் படம் எடுத்துக் கொடுத்தேன், ஜென்சி அதை டெனிஸுக்கு அனுப்பியது. நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான் என்று ஷரீபா சொல்கிறாள். பாஸ்போர்ட்டுக்கு எடுப்பது மாதிரியே எடுத்தேன், இரண்டு காதும் தெரிய, கண் நேராகப் பார்க்க.

போன வாரம் துறையூரிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். பையன் வெளிநாட்டில், பல மாதமாகப் போன் இல்லை. அவனுடைய பாஸ்போர்ட் நகலை மனுவோடு வைக்க ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே, கப்பல்துரைக்கு எங்கே சூடம் ஏற்றுவது என்று என்னிடம் கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் அக்கா பூக்கூடையை விட்டு எழுந்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து கூட்டிக்கொண்டு போனார். துறையூர் அம்மா துரைமுன் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, கைகூப்பி விம்ம ஆரம்பித்தார்கள்.

அக்கா அவர்கள் தோளைத் தொட்டார்.

"மேல பாக்காதம்மா. சூடமும் வேணாம். கீழ உக்காரு, அப்பத்தான் அவன் மூஞ்சி தெரியும்."